ஏழாம் தவணை

1967-ஆம் ஆண்டுக்கு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகள் மொத்தம் 609. அவை எல்லாம் ஒரேயடியாகக் கடைக்கு வரவில்லை. ஏழு தவணையாகப் பிரித்து அனுப்பினார்கள். வசந்தத்தில் முதல் தவணை வரும். ஐந்து சென்ட் கொடுத்தால் ஒரு பாக்கெட். உள்ளே ஐந்து அட்டைகள், கூடவே ஒரு பட்டை பபிள்கம். சில வாரம் கழித்து அடுத்த தவணை. இப்படியே போய், 534 முதல் 609 வரையிலான கடைசித் தவணை வரும்போது கோடை முடிந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். பையன்களின் பேச்சு கால்பந்துக்கு மாறியிருக்கும் (அமெரிக்கக் கால்பந்து, கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அது). பழைய பெட்டியே விற்காமல் கிடக்கும்போது எந்தக் கடைக்காரர் புதுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பார்? அதனால் ஏழாம் தவணை அட்டைகள் குறைவாகவே ஊருக்குள் புழங்கின. இன்றைக்கு முதல் தவணையில் வந்த ஒரு சாதாரண ஆட்டக்காரரின் அட்டை காபி விலைக்குக் கிடைக்கும். ஏழாம் தவணையில் வந்த, அவரைவிட ஒன்றும் பெரியவரல்லாத இன்னொருவரின் அட்டைக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றை 'ஹை நம்பர்ஸ்' என்பார்கள்.

பழைய அட்டைகள் மேல் எனக்குப் பித்துப் பிடித்ததே இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான். ஒரு பருவத்தின் கடைசி வாரங்களில் எத்தனை பேர் இன்னும் ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்ற கணக்கு அந்த விலைக்குள் ஒளிந்திருக்கிறது. ஏப்ரலில் எல்லோரும் ரசிகர்கள். செப்டம்பரில் சிலர்.

நான் இருப்பது பிட்ஸ்பர்க். எங்கள் அணி பைரட்ஸ். செப்டம்பர் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் நிறையச் சொல்வார்கள். 1993 தொடங்கி 2012 வரை, தொடர்ந்து 20 பருவங்கள் வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம். கடைசியாக வேர்ல்ட் சீரிஸ் என்ற சாம்பியன் பட்டத்தை வென்றது 1979-இல். நடுவில் 2013, 2014, 2015 மூன்றாண்டு நல்ல காலம் வந்து போனது. அப்புறம் மறுபடியும் பழைய கதை.

2025 பருவத்துக்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தேன். 1967 தொகுப்பில் வந்த பைரட்ஸ் அட்டைகளை, அவை அன்றைக்குக் கடைக்கு வந்த அதே வரிசையில், இந்தப் பருவம் நகர நகர வாங்குவது. ஏப்ரலில் முதல் தவணை. ஜூலையில் ஐந்தாம் தவணை இருந்தால் போதும், அதற்கு முன்னால் கண்ணில் பட்டாலும் கை வைப்பதில்லை. இணையத்தில் ஒரே இரவில் மொத்தத்தையும் வாங்கி முடித்துவிடலாம்தான். ஆனால் 1967-இல் ஒரு பையன் எதற்காக எவ்வளவு காத்திருந்தானோ, அந்தக் காத்திருப்பை ஒரு தடவையாவது அனுபவித்துப் பார்க்கத் தோன்றியது.

ஏன் 1967? அந்த ஆண்டு பைரட்ஸ் 81 வெற்றி, 81 தோல்வி. பெருமைப்பட ஒன்றுமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் அட்டைகள் அழகு. படம் அட்டையை முழுக்க நிறைத்திருக்கும், சுற்றிலும் வெள்ளை ஓரம், கீழே அணியின் பெயர் பெரிய வண்ண எழுத்துகளில், படத்தின் மேலேயே ஆட்டக்காரரின் கையெழுத்து அச்சாகியிருக்கும். பின்பக்கம் பச்சை. தவிர, அணியின் முக்கியமானவர்கள் அந்தத் தொகுப்பு முழுக்கப் பரவிக் கிடக்கிறார்கள். 10-ஆம் எண் மேட்டி ஆலூ. 140 வில்லி ஸ்டார்ஜெல். 400 ராபர்டோ கிளெமெண்டே. 510 பில் மேஸரோஸ்கி. 570 மோரி வில்ஸ். முதல் தவணையிலிருந்து ஏழாம் தவணை வரை, பருவம் முழுக்க.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பருவத்துக்கு 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை, ஏறக்குறைய தினமும். வாசலில் வந்து விழும் நாளிதழ் மாதிரி அது. ஒரு நாள் செய்தி நல்லதாக இருக்கும், ஒரு நாள் கெட்டதாக இருக்கும், மறுநாள் மறுபடியும் வரும். ஒரு தோல்விக்காக யாரும் துக்கம் காப்பதில்லை. துக்கம் காக்க நேரமிருக்காது, அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும்.

இந்தப் பருவத்தில் எங்களுக்கு இருந்த பெரிய நம்பிக்கை பால் ஸ்கீன்ஸ். முதலில் அமெரிக்க விமானப் படைக் கல்லூரியில் படித்தவர், பிறகு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் 2023 டிராஃப்டில் பைரட்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. 2024 மே மாதம் முதல் ஆட்டம். அந்த ஆண்டே நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம். அவர் பந்து வீசும் நாளில் மைதானத்தின் ஓசையே வேறு. மற்ற நாட்களில் ஹாட் டாக் வாங்க வரிசையில் நிற்பவர்கள்கூட அன்றைக்கு இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரலில் மேட்டி ஆலூவும் ஸ்டார்ஜெல்லும் வந்து சேர்ந்தார்கள். ஆலூ 1966-இன் பேட்டிங் சாம்பியன், .342 சராசரி அடித்தவர். அவருடைய அட்டை மூலைகள் மழுங்கி, நடுவில் ஒரு மடிப்புக் கோட்டோடு வந்தது. அப்படிப்பட்டதைத்தான் நான் தேடி வாங்குவதும். தரம் போடும் நிறுவனங்கள் 1 முதல் 10 வரை எண் கொடுத்து, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தரும் அட்டைகள் இருக்கின்றன. 'ஸ்லாப்' என்பார்கள். அவற்றை நான் குறை சொல்லவில்லை. போலிகளும் ஓரம் வெட்டப்பட்ட அட்டைகளும் நடமாடும் சந்தையில் அதற்கு ஒரு தேவை இருக்கிறது. ஆனால் நான் வாங்குவது உறையில்லாத அட்டைகள். ஒரு லூப் கண்ணாடியும் அளவுகோலும் போதும். 1957-க்குப் பிறகு டாப்ஸ் அட்டையின் அளவு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். ஒரு நூல் குறைந்தால்கூட யாரோ ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். லூப்பில் பார்த்தால் அந்தக் காலத்து அச்சின் புள்ளிகள் பூப்போலக் கூடியிருக்கும். மடிப்பு, பென்சில் கிறுக்கல், பின்பக்கத்து கம் கறை இதெல்லாம் எனக்குக் குறையே இல்லை. ஒரு பையன் இதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

ஸ்டார்ஜெல் அட்டை வந்தபோது அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 475 ஹோம் ரன், அத்தனையும் பைரட்ஸுக்காக. இப்போதிருக்கும் பி.என்.சி. பார்க் மைதானத்தில் முதல் ஆட்டம் நடந்தது 2001 ஏப்ரல் 9. அன்று காலையில்தான் ஸ்டார்ஜெல் இறந்துபோனார்.

அதே ஏப்ரலில் ஊரே கொதித்த ஒரு விஷயம் நடந்தது. மைதானத்தின் வலப்பக்கச் சுவர் 21 அடி உயரம். ராபர்டோ கிளெமெண்டேயின் சட்டை எண் 21. அவரை நினைத்துக் கட்டிய உயரம் அது. அந்தச் சுவரில் இருந்த 21 என்ற சின்னத்தை எடுத்துவிட்டு ஒரு விளம்பரத்தை வைத்துவிட்டார்கள். கிளெமெண்டேயின் குடும்பம் வருத்தப்பட்டது. ரசிகர்கள் பொங்கினார்கள். அணி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, சின்னத்தைத் திரும்ப வைத்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இங்கே அது சின்ன விஷயமில்லை. அவருடைய 400-ஆம் எண் அட்டையை ஐந்தாம் தவணைவரை வாங்கக் கூடாது என்று நானே போட்டுக்கொண்ட விதி அந்த வாரத்தில் ரொம்பவே உறுத்தியது.

மே மாதம் மோசம். 12 வெற்றி, 26 தோல்வி என்ற நிலையில், மே 8 அன்று மேலாளர் டெரெக் ஷெல்டனை நீக்கினார்கள். அவருடைய இடத்துக்கு வந்த டான் கெல்லி இந்தப் பக்கத்துப் பிள்ளை. பத்து நாள் கழித்து ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கீன்ஸ் தன் வாழ்க்கையின் முதல் 'கம்ப்ளீட் கேம்' வீசினார். ஆட்டம் முழுக்க ஒருவரே பந்து வீசி முடிப்பது இன்றைக்கு அபூர்வம். எட்டு இன்னிங்ஸ், ஒரே ஒரு ரன். எங்கள் பேட்டர்கள் அந்த ஒரு ரன்னைக்கூட எடுக்கவில்லை. 1-0 தோல்வி. ஆட்டம் முடிந்து அவர் நடந்து போனதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. திறமை இவ்வளவு இருந்தும் பக்கத்தில் நிற்க ஆளில்லாமல் போவது விளையாட்டில் மட்டுமா நடக்கிறது!

1967-இலும் பருவத்தின் நடுவில் மேலாளரை நீக்கினார்கள். ஹாரி வாக்கரை ஜூலையில் அனுப்பிவிட்டு, பழைய ஆளான டேனி மர்டாவைக் கூப்பிட்டார்கள். வாக்கருக்கும் அந்தத் தொகுப்பில் அட்டை உண்டு. அதுவும் ஐந்தாம் தவணைதான். அந்தக் கோடையில் பாக்கெட்டைப் பிரித்து, வேலை போன மேலாளரின் முகத்தைப் பார்த்த பிட்ஸ்பர்க் பையன் என்ன செய்திருப்பான்? தூக்கிப் போட்டிருப்பானா, சைக்கிள் சக்கரத்தில் செருகியிருப்பானா? என்னிடம் வந்து சேர்ந்த வாக்கர் பத்திரமாகத்தான் இருக்கிறார்.

ஜூனில் ஆண்ட்ரூ மெக்கட்சன் தன் 241-ஆவது பைரட்ஸ் ஹோம் ரன்னை அடித்தார். கிளெமெண்டேயின் 240-ஐ அது தாண்டியது. அணியின் வரலாற்றில் இப்போது அவருக்கு மேலே இருப்பவர்கள் இருவர்தான்: ஸ்டார்ஜெல் 475, ரால்ஃப் கைனர் 301. மெக்கட்சனுக்கு அப்போது வயது 38. இளவயதில் இங்கே ஆடி, 2013-இல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரராகி, வேறு அணிகளுக்குப் போய், பிறகு திரும்பி வந்தவர். பந்து எல்லை தாண்டியதும் கூட்டம் எழுந்து நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பாட்டி தன் பேரனிடம் கிளெமெண்டேயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மெக்கட்சன் பெஞ்சுக்குத் திரும்பி வெகு நேரமாகியும் அவர் நிறுத்தவில்லை.

நானும் சொல்கிறேன். போர்ட்டோ ரிக்கோவின் கரோலினாவில் பிறந்தவர் ராபர்டோ கிளெமெண்டே. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் கீழ்நிலைக் குழுவில் இருந்தவரை 1954 நவம்பரில் பைரட்ஸ் எடுத்துக்கொண்டது. 1955-இல் வந்த அவருடைய முதல் டாப்ஸ் அட்டையில் பெயர் ராபர்டோ. 1957 முதல் 1969 வரை டாப்ஸ் அவரை 'பாப் கிளெமெண்டே' என்றே அச்சடித்தது. அமெரிக்கக் காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று பிறர் வைத்த பெயர். அவர் அதை ஏற்கவே இல்லை. என் பெயர் ராபர்டோ என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். 1970 அட்டையில்தான் ராபர்டோ திரும்பி வந்தார். 1966-இல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர், 1967-இல் .357 அடித்து நான்காவது முறையாக பேட்டிங் சாம்பியன், ஃபீல்டிங்குக்காக 12 கோல்டு கிளவ் விருதுகள். அப்படிப்பட்டவரை அவருடைய அட்டையிலேயே வேறு பெயரில் அழைத்தார்கள். வெளிநாட்டுக்கு வந்து பெயரை வெட்டிச் சுருக்கிக்கொண்ட எத்தனையோ பேரை நான் அறிவேன். அதனால் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை.

1972 செப்டம்பர் 30. நியூயார்க் மெட்ஸின் ஜான் மேட்லாக் வீசிய பந்தை அடித்து இரண்டாம் பேஸுக்கு ஓடினார். அது அவருடைய 3,000-ஆவது ஹிட். அந்தப் பருவத்தில் அதற்கு மேல் இல்லை. டிசம்பர் 23-இல் நிகராகுவாவின் மனாகுவா நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இவர் நிவாரணப் பொருள் அனுப்பினார். அனுப்பியது மக்களிடம் போய்ச் சேரவில்லை, இடையிலேயே மடக்கப்படுகிறது என்று தெரிந்ததும் தானே விமானத்தில் ஏறினார். டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய அந்த விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 38. உடல் கிடைக்கவில்லை. டாப்ஸின் 1973 தொகுப்பில் 50-ஆம் எண் கிளெமெண்டேதான். அந்த அட்டை பையன்களின் கைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

400-ஆம் எண்ணை நான் வாங்கியது ஜூலையில், பக்கத்து ஊர் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் நடந்த ஒரு சிறிய அட்டைச் சந்தையில். நீள மேசைகள், காலணிப் பெட்டி மாதிரி நீண்ட வெள்ளை அட்டைப்பெட்டிகள், பழைய காகிதத்தின் மணம். விற்றவர் எண்பதை நெருங்கிய பெரியவர். கிளெமெண்டேயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

"மேல் மூலையில் குண்டூசித் துளை இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"பார்த்தேன் ஐயா. அதனால்தான் கேட்கிறேன்."

அவர் சிரித்தார். "யாரோ கட்டில் பக்கத்தில் சுவரில் குத்தி வைத்திருந்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். பழைய மைதானம் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் அவர் வலப்பக்கத்து மூலையிலிருந்து மூன்றாம் பேஸுக்குப் பந்து எறிவார். தரையில் படாமல் போகும். அதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கலாம்."

விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார். துளைக்காகக் குறைத்தாரா, பேச்சுத் துணைக்காகக் குறைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

ஜூன் கடைசியும் ஜூலை தொடக்கமும் விசித்திரமாக இருந்தன. எங்கள் ஆட்கள் மெட்ஸை மூன்று ஆட்டத்திலும் புரட்டி எடுத்தார்கள். அடுத்து வந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மூன்று ஆட்டத்திலும் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை: 7-0, 1-0, 5-0. ஊரில் முகங்கள் மலர்ந்தன. உடனே சியாட்டிலுக்குப் போய், மூன்று ஆட்டத்திலும் ஒரு ரன்கூட எடுக்காமல் தோற்றார்கள். ஒரே வாரத்தில் இரண்டும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

மேஸரோஸ்கியின் 510 ஆறாம் தவணை. 1960 அக்டோபர் 13, வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம், ஒன்பதாம் இன்னிங்ஸின் கடைசிப் பகுதி, 9-9 என்று சமநிலை. யாங்கீஸின் ரால்ஃப் டெரி வீசிய பந்தை மேஸரோஸ்கி சுவருக்கு வெளியே அடித்தார். மணி பிற்பகல் 3:36. ஏழாவது ஆட்டத்தை ஹோம் ரன்னால் அந்த இடத்திலேயே முடித்துவைத்தது இன்றுவரை அது ஒன்றுதான். ஃபோர்ப்ஸ் ஃபீல்டை இடித்துவிட்டார்கள், ஆனால் வெளிச்சுவரின் ஒரு பகுதி பல்கலைக்கழகப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. ஒவ்வோர் அக்டோபர் 13-உம் ரசிகர்கள் அங்கே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த ஆட்டத்தின் பழைய வானொலி ஒலிபரப்பை முதலிலிருந்து கேட்பார்கள். சரியாக 3:36-க்கு ஹோம் ரன் வரும். முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு அத்தனை ஆர்ப்பரிப்பு! இந்த ஊரை எனக்குப் பிடித்துப்போன காரணங்களில் இதுவும் ஒன்று.

ஜூலை கடைசியில் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு. தோற்கிற அணிக்கு அது வயிற்றைக் கலக்கும் நாள். கெப்ரயன் ஹேஸ் சின்சினாட்டிக்குப் போனார். டேவிட் பெட்னார் யாங்கீஸுக்குப் போனார். பெட்னார் பிட்ஸ்பர்க்கை ஒட்டிய மார்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். ஒன்பதாம் இன்னிங்ஸில் அவர் களத்துக்கு ஓடி வரும்போது ஊர் மொத்தமும் கத்தும். அன்று இரவு என் மகள் கேட்டாள்: "அப்பா, அவர் நம்ம ஊர்க்காரர்தானே, எப்படி அனுப்பலாம்?" வியாபாரக் கணக்கை விளக்கினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

இந்த இடத்தில் அந்தப் பத்து லட்சம் டாலர் அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்கீன்ஸ் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையில் ஒரு சிறப்புத் துணிச்சின்னம் இருந்தது. டாப்ஸ் அதை வெட்டி எடுத்து, அவருடைய கையெழுத்தோடு ஓர் அட்டையில் பதித்தது. உலகத்தில் அது ஒன்றே ஒன்று. 2024 கிறிஸ்துமஸ் பரிசாக வந்த பாக்கெட்டில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து 11 வயதுப் பையன் ஒருவனுக்கு அது கிடைத்தது. அட்டையைத் தந்தால் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு இருக்கைகள், 30 ஆண்டுகளுக்கு, என்றது பைரட்ஸ். குடும்பம் ஏலத்துக்கு விட்டது. 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்கும் மேல் போனது. பிட்ஸ்பர்க் பகுதியில் தலைமையகம் உள்ள டிக்ஸ் விளையாட்டுப் பொருள் நிறுவனம்தான் வாங்கியது. அட்டை இந்த ஊருக்கு வந்துவிட்டது. அந்தப் பையனுக்காக எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஆனாலும் அந்த அட்டை என்னை ஈர்க்கவில்லை. ஒன்றே ஒன்று அச்சிடுவோம் என்று முன்கூட்டியே திட்டமிட்டு உண்டாக்கிய அபூர்வம் அது. பழைய அட்டையின் அபூர்வத்தை யாரும் திட்டமிடவில்லை. அம்மாக்கள் பரணைச் சுத்தம் செய்தார்கள், பையன்கள் வளர்ந்தார்கள், செப்டம்பரில் கடைக்காரர் ஆர்டர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். டாப்ஸே 1952 தொகுப்பின் விற்காத கடைசித் தவணைப் பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் நியூ ஜெர்சி பக்கத்துக் கடலில் கொட்டியது. நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேண்டிலின் அட்டையும் அந்தத் தவணையில்தான் இருந்தது. நல்ல நிலையில் தப்பிய ஒரு மேண்டில் 2022-இல் 126 லட்சம் டாலருக்கு விற்றது.

உலகத்திலேயே பேர்பெற்ற அட்டையும் ஒரு பைரட்ஸ் ஆட்டக்காரருடையதுதான். ஹோனஸ் வாக்னர், சிகரெட் பெட்டிகளோடு 1909-இலிருந்து வந்த தொகுப்பு. தன் படத்தைப் போடக் கூடாது என்று அவர் நிறுத்திவிட்டதால் சில டஜன்களே மிச்சம். சிறுவர்கள் சிகரெட் வாங்கப் பழகிவிடுவார்கள் என்று தடுத்தார் என்கிறார்கள் சிலர். உரிய பணம் தரவில்லை என்பதால் என்கிறார்கள் வேறு சிலர். 1948-ஐ ஒட்டி லீஃப் நிறுவனம் வெளியிட்ட அட்டையில் வயதான வாக்னர், அப்போது அணியின் பயிற்சியாளர், வாயில் புகையிலையை அதக்கிக்கொண்டிருக்கிறார். அந்த லீஃப் அட்டையை ஒருநாள் வாங்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆகஸ்டில் கூட்டம் மெலிந்தது. அலுவலகத்தில் பேச்சு எங்கள் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸ் பக்கம் திரும்பியது. ஆகஸ்ட் 22 அன்று பபா சாண்ட்லர் என்ற இளம் பிட்சர் முதன்முதலாகக் களமிறங்கி, கொலராடோவுக்கு எதிராக நான்கு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசினார். போட்டியில் அணிக்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகும் நான் பார்த்துக்கொண்டிருந்ததற்கு இப்படிப்பட்ட இரவுகள்தான் காரணம். ஒருவனுடைய முதல் நாள் எந்த மாதத்திலும் வரலாம். மைதானத்துக்குப் போகும் மஞ்சள் நிற கிளெமெண்டே பாலத்தில் ஆட்ட நாளில் வண்டிகளை விடமாட்டார்கள். ஏப்ரலில் தோளோடு தோள் இடித்து நடந்த அந்தப் பாலத்தில் இப்போது குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாட இடமிருந்தது. மைதானத்தில் நல்ல இருக்கை மலிவாகக் கிடைத்தது. பக்கத்து வரிசைக்காரர்களின் பெயர்கள் பழகிவிட்டன. யார் எந்த ஆண்டிலிருந்து வருகிறார்கள், யாருடைய அப்பா 1960 ஆட்டத்தைப் பள்ளிக்கூட வானொலியில் கேட்டார் என்றெல்லாம் பேசுவதற்கு ஏப்ரலில் யாருக்கும் நேரமிருந்ததில்லை.

செப்டம்பரில் மோரி வில்ஸ். 1962-இல் 104 பேஸ்களைத் திருடி, லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரராகத் தேர்வானவர். இளம் வயதில் இவர் தேறமாட்டார் என்று டாப்ஸ் ஒப்பந்தம் போடவில்லை. புகழ் வந்த பிறகு வில்ஸ் டாப்ஸோடு சேரவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் அவர் கொடிகட்டிப் பறந்த ஆண்டுகளில் அவருக்கு டாப்ஸ் அட்டையே கிடையாது. பைரட்ஸுக்கு மாறிய பிறகு, 1967-இல்தான் முதல் அட்டை, அதுவும் 570-ஆம் எண், ஏழாம் தவணை. பக்கத்து எண் 569 ராட் கேரூவின் அறிமுக அட்டை, சற்றுத் தள்ளி 581 டாம் சீவரின் அறிமுக அட்டை. அந்தத் தவணை முழுவதையும் விலை உயரத்தில் வைத்திருப்பவர்கள் அவர்கள். வில்ஸுக்காக இந்தப் பருவத்தின் மற்ற எல்லா அட்டைகளையும் சேர்த்ததற்கு நெருக்கமான தொகை கொடுத்தேன். என் மனைவி விலையைக் கேட்டுவிட்டு, "கிழிஞ்சு கூட இல்லையே, உங்களுக்கு எப்படிப் பிடிச்சுது?" என்றாள். உண்மைதான். மூலைகள் கூராக இருந்தன, மடிப்பு இல்லை. யாரும் விளையாடாத அட்டை அது. செப்டம்பரில் வாங்கிய பையன்கள் அதிகம் கையாளவில்லை போலும்.

பருவம் 71 வெற்றி, 91 தோல்வி என்று முடிந்தது. பிரிவில் கடைசி இடம். ஸ்கீன்ஸ் 10 வெற்றி, 10 தோல்வி. ஆனால் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.97 ரன்தான் விட்டுக்கொடுத்தார், 216 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். நவம்பரில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, ஒரு வாக்குக்கூடப் பிசகாமல், ஒருமனதாக. கடைசி இடத்து அணியின் பிட்சருக்கு.

1967 பைரட்ஸில் எனக்கு இன்னும் சில ஏழாம் தவணை அட்டைகள் பாக்கி இருக்கின்றன. அவற்றை அடுத்த செப்டம்பருக்கு வைத்திருக்கிறேன். ஏப்ரலில் 1963 தொகுப்பைத் தொடங்கப் போகிறேன். அதில் ஸ்டார்ஜெல்லின் அறிமுக அட்டை 553-ஆம் எண், நான்கு புதுமுகங்களின் தலைகள் ஒரே அட்டையில். அதுவும் கடைசிப் பக்கத்து எண்தான். மகள் இப்போதே அதில் பங்கு கேட்கிறாள். தீயணைப்பு நிலையச் சந்தைக்கு அவளையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.